ஞாயிற்றுக்கிழமைக் கடல்: குமரி மாவட்டக் கடலோர ஊர் ஒன்றின் ஊர்விலக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் நீரோடிக்கும் இடைப்பட்ட மீனவ ஊர் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் நடந்த ஆண்டையும் சொல்லாமல் விடுகிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனான நான், சட்ட உதவித் தன்னார்வலன் என்ற முறையில், ஊர் விலக்கி வைத்த ஒரு குடும்பத்துக்கும் ஊர்க்கமிட்டிக்கும் இடையே பேசுவதற்காக அழைக்கப்பட்டேன். இதுபோன்ற பேச்சுக்கு இனிப் போகிறவர்களுக்கு உதவ வேண்டும் என்பதற்காக, நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

ஊரில் ஏறத்தாழ 400 குடும்பங்கள். பெரும்பாலோர் அவுட்போர்டு என்ஜின் பூட்டிய ஃபைபர் வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்கள். கட்டுமரம் வைத்திருப்போர் இன்னும் சிலர் உண்டு. சனிக்கிழமை மாலை ஜெபமணி அடித்தது முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை எந்த வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது என்பது அங்கே தலைமுறைகளாக இருந்துவரும் கட்டுப்பாடு. இதற்கு அரசுச் சட்டம் எதுவும் இல்லை. விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை இருக்கிறது. அதைக் கண்காணிக்க மீன்வளத்துறை இருக்கிறது, மீறினால் நடவடிக்கை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாட்டைக் காப்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் மட்டுமே.

ஓய்வுநாளை ஆசரிப்பது என்ற திருச்சபைக் கட்டளையோடு தொழில் நியாயம் ஒன்றும் இதில் பின்னிக் கிடக்கிறது. ஒரு வள்ளம் ஞாயிறன்று இறங்கினால் அன்றைய நல்ல விலை அந்த வள்ளத்துக்குப் போகும். அதைப் பார்த்து அடுத்த வாரம் நான்கு வள்ளம் இறங்கும். அதற்கடுத்த வாரம், போக விருப்பமில்லாத தொழிலாளியையும் வள்ளக்காரர் கூப்பிடுவார். வாரத்தில் ஆறு இரவு கடலில் கிடக்கும் ஒருவன் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே நாள் அதனால் போய்விடும். ஆகவே இது எல்லோரும் சேர்ந்து காத்தால் மட்டுமே எவருக்கும் கிடைக்கும் ஓய்வு. இந்தக் கட்டுப்பாடு நல்லது என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பின்வருவதைப் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அபராதம் கட்டணம் ஆனது

முன்பெல்லாம் மீறியவரைப் பங்குத்தந்தை கூப்பிட்டுக் கண்டிப்பார், அவர் வெட்கத்தோடு ஒரு வாரம் தலைகுனிந்து நடப்பார், அதோடு முடியும். நிகழ்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கமிட்டி அதை மாற்றி, மீறும் வள்ளத்துக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று எழுதி வைத்தது. பணத்துக்குப் பயந்தால் ஒழுங்கு வரும் என்பது அவர்கள் எண்ணம். கணவாய் மீன் சீசனில் ஒரே இரவில் பல மடங்கு கிடைக்கக்கூடிய பெரிய வள்ளத்துக்கு 2,000 ரூபாய் என்பது எரிபொருள் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கும் தொகைதான் என்பதை எவரும் யோசிக்கவில்லை.

அபராத ரசீதுப் புத்தகத்தை நான் பின்னாளில் பார்த்தேன். நீல அட்டை, ஓரத்தில் மெழுகுவர்த்தி உருகி ஒட்டிய கறை. முதல் ஆண்டின் அடிக்கட்டைகளில், கட்டியவர் பெயருக்குக் கீழே பழைய செயலாளர் "இனி போகமாட்டேன் என்று சொன்னார்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். இரண்டாம் ஆண்டில் அந்த வரி இல்லை. மூன்றாம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் அடிக்கட்டைகளில் மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் ஒன்றின் தேதியை நான் இரண்டு முறை பார்த்தேன், அது வெள்ளிக்கிழமை. அதாவது, மறுநாள் இரவு போகப்போவதற்கான அபராதத்தை அவர் முந்தின நாளே கட்டிவிட்டு, ரசீதும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாங்கிய செயலாளருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்றை யூரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்தபோது, தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் இருந்த இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தபின், பணத்தை எடுத்தாலும் கூச்சம் தானாகத் திரும்பி வருவதில்லை. வெள்ளிக்கிழமை ரசீதைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அந்தக் காப்பகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஊர்விலக்கு

மூன்று பெரிய வள்ளங்கள் தொடர்ந்து ஞாயிறன்று இறங்கியது ஊரில் கொதிப்பை உண்டாக்கியது. செப்டம்பரில் கூடிய ஊர்க்கூட்டம், இனி அபராதம் கிடையாது, மீறுகிற குடும்பத்தோடு ஊருக்கு ஒட்டு உறவு இல்லை என்று தீர்மானித்தது. அவர்கள் மீனை ஏலம் விளிக்கக் கூடாது, வள்ளம் தள்ள எவரும் கை கொடுக்கக் கூடாது, திருவிழா வரி வாங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. எத்தனை நாளுக்கு என்று தீர்மானத்தில் இல்லை. எப்படி முடியும் என்றும் இல்லை. கோபத்தில் எழுதிய தீர்மானங்களுக்கு முடிவுரை இருப்பதில்லை.

பெரிய வள்ளக்காரர்கள் மூவரும் அந்த மாதம் அடங்கிவிட்டார்கள். தீர்மானத்துக்குப் பின் முதலில் மீறியவர், கடன் வாங்கிச் சிறிய வள்ளம் எடுத்திருந்த ஒருவர். என்ஜின் பழுதாகி ஒன்பது நாள் தொழிலுக்குப் போகாமல் இருந்து, சரியான அன்றே மைத்துனரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை இரவு இறங்கினார். பக்கத்து ஊர்க் கரையில் மீனை விற்றுவிட்டு வந்தார். திங்கள் காலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

விலக்கு 41 நாள் நீடித்தது. அந்த வீட்டில் ஒருவர்மீதும் கை விழவில்லை, ஒரு கெட்ட வார்த்தையும் விழவில்லை. ஏலக்காரர் அவருடைய மீன்கூடையைத் தாண்டி அடுத்த கூடைக்குப் போவார். வள்ளத்தைக் கரையேற்ற எட்டுப் பேராவது வேண்டிய இடத்தில் அவரும் மனைவியும் மைத்துனரும் தோள் கொடுத்து, அலை ஏறும்போது ஒரு முழம், இறங்கும்போது அரை முழம் என்று இழுத்தார்கள்.

நான் முதன்முதலாக அங்கே போன காலையில் தெருக்குழாயடியில் கண்டதையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் குடத்தோடு வந்து வரிசையில் வைத்தாள். முன்னும் பின்னும் இருந்த குடங்கள் ஒவ்வொன்றாக ஒரு முழ தூரம் நகர்ந்தன. நகர்த்திய பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை, அவளை முறைக்கவும் இல்லை. அவள் தன் குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, முறை வரும்வரை தண்ணீர் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தீர்மானத்தில் குழாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஊர் ஒரு தண்டனையைத் தொடங்கி வைத்தால், அது தீர்மானத்தில் எழுதிய எல்லையில் நிற்பதில்லை என்பதை அங்கே கண்ணால் கண்டேன்.

என் முதல் முடிவும் அதன் தவறும்

விலக்கின் ஒன்பதாம் நாள் கமிட்டியைச் சந்தித்தேன். சட்டத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள் என்று நம்பினேன். கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அவற்றை ஒடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-இல் சொன்னதை எடுத்துச் சொன்னேன். மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே 2016-இல் இயற்றியதையும் சொன்னேன்.

அவர்கள் எழுந்து போகவில்லை. ஆனால் பேச்சு அதோடு நின்றுவிட்டது. செயலாளர், "சாரே, கேசு குடுக்கணும்னா குடுங்க" என்று மட்டும் சொன்னார். மகாராஷ்டிரச் சட்டம் தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பதும் அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஊரின் ஒழுங்கைக் காக்கிறோம் என்று மனதார நம்பிய மனிதர்களிடம் முதல் வார்த்தையாகவே குற்றவாளிகள் என்ற பொருள் படப் பேசிவிட்டேன். அதனால் இரண்டு வாரம் வீணானது. அந்த இரண்டு வாரமும் அந்தச் சிறுமி குழாயடிக்குப் போய்வந்தாள்.

இரண்டாவது முயற்சி

23-ஆம் நாள் குடும்பத்தாரோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் காவல்துறைக்கும் கொடுக்க வேண்டிய புகார்களை எழுதிக் கையெழுத்திட்டுத் தயாராக வைத்துக்கொண்டோம். ஆனால் 20 நாள் கொடுக்காமல் பொறுப்பது என்று முடிவு செய்தோம். அவர்கள் அந்த ஊரிலேயே வாழ விரும்பினார்கள் என்பதே காரணம். போலீஸ் வந்தால் மறுநாள் ஏலம் விளிப்பார்கள். தோள் கொடுக்க மாட்டார்கள். அதே நேரம், கெடு இல்லாத பொறுமையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்றும் நினைத்தேன்.

அன்றுதான் அவருடைய மனைவி வாய் திறந்தார். அதுவரை ஆண்களிடமே நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பத்துப் பெண்கள் சேர்ந்த குழுக்கடன் ஒன்றில் இருந்தார். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அதைப் பங்கிட்டுக் கட்ட வேண்டும். வசூல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. என்ஜின் பழுதானதில் ஒரு தவணை ஏற்கெனவே நின்றிருந்தது. "ரெண்டாமத்த திங்கக்கிழமையும் அவளுவ முன்னால வெறுங்கையோட நிக்கச் சொல்லுதீங்களா சாரே? நாந்தான் போவச் சொன்னேன்" என்றார்.

எனக்கு வழக்கின் முகமே மாறிப்போனது. அந்த மனிதர் ஒழுக்கத்தை உதறிவிட்டுக் கடலுக்குப் போகவில்லை. இரண்டு ஒழுக்கங்களுக்கு நடுவே மாட்டியிருந்தார். ஒன்றை ஊர் காக்கிறது, மற்றதைக் கடன் குழு காக்கிறது. இரண்டுக்கும் ஆயுதம் ஒன்றே, அடுத்தவர் முகத்தில் விழிக்கும் வெட்கம். ஞாயிற்றுக்கிழமையைக் காத்தால் திங்கட்கிழமை தலைகுனிய வேண்டும். கமிட்டியில் பெண் ஒருவர்கூட இல்லாததால், திங்கட்கிழமைத் தவணை என்று ஒன்று இருப்பதே அங்கே எவர் கணக்கிலும் வரவில்லை. ஊரில் அப்படி ஆறு குழுக்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் வசூல் திங்களன்றுதான்.

அடுத்த நாட்களில் பங்குத்தந்தை, ஏலக்காரர், மூத்த தொழிலாளிகள், குழுத் தலைவிகள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தேன். சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எப்படிக் காப்பது என்று மட்டும் கேட்டேன். தனியே பேசியபோது விலக்கை மனதார ஆதரித்தவர்கள் மிகக் குறைவு. தான் முதலில் பேசினால் தன்னையும் சேர்த்து விலக்கிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு இருந்தது. எல்லோரும் விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, பெரும்பாலோர் விரும்பவில்லை. ரசீதுப் புத்தகத்தைப் பங்குத்தந்தைதான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கூட்டம்

41-ஆம் நாள் மாலை ஊர்க்கூட்டம் கூடியது. இம்முறை குழுத் தலைவிகளையும் அழைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். இருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வழக்கம் என்றால் வழக்கம்தான், அதை மாற்ற முடியாது என்று ஒருவர் தொடங்கினார். இந்த மாவட்டத்து மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒழுக்கம் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்த சுசீந்திரம் கைமுக்கும் வழக்கம்தான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பதும் வழக்கமாகவே காக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பால் அது தளர்ந்தது. 1936 நவம்பர் 12 வரை ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கோயில் வாசல்களை அடைத்து வைத்திருந்ததும் வழக்கமே. நம் முன்னோர் எந்தெந்த வழக்கங்களால் மிதிபட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டே நாம் நம் வழக்கத்தைப் பேச வேண்டும் என்று நான் சொன்னேன். சிலர் தலையசைத்தார்கள்; சிலருக்கு அது பிடிக்கவில்லை.

கூட்டத்தைத் திருப்பியது என் பேச்சு இல்லை. எழுபது வயதைக் கடந்த தொழிலாளி ஒருவர் எழுந்து, கமிட்டியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: நாளைக்கு அவன் என்ஜின் நடுக்கடலில் நின்றுபோனால் நாங்கள் போக வேண்டுமா, போகக் கூடாதா? பதில் வரவில்லை. அவர், "ஒக்கியில தேடப் போனப்போ எவன் வள்ளம்னு கேட்டுட்டா போனோம்?" என்றார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் வீட்டுக்கு வீடு ஆளை இழந்த கடற்கரை அது. காணாமல் போனவர்களைத் தேடித் தங்கள் வள்ளங்களிலேயே போனவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். செயலாளர் குனிந்து தீர்மானப் புத்தகத்தை மூடினார்.

அதன்பின் பங்குத்தந்தை ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பெயர்களைச் சொல்லாமல், தேதிகளை மட்டும் வாசித்தார். வெள்ளிக்கிழமைத் தேதி வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. 2,000 ரூபாய் கட்டியவர்கள் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்ததும், ஒரு தவணைக்காகப் போனவர் குடும்பத்தோடு விலக்கப்பட்டதும் அந்த வாசிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

விலக்கு அன்றிரவே நீங்கியது. புதிய ஏற்பாட்டைப் படிப்படியாக அமைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பொதுவளங்களைத் தாங்களே காத்துவரும் சமூகங்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகளில் முதல் தண்டனை மிக மெல்லியதாகவும் மீறல் தொடர்ந்தால் மட்டும் கூடுவதாகவும் இருப்பதைக் கண்டார். அதையொட்டி, முதல் முறை மீறினால் இரண்டு மூத்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேட்பது; இரண்டாம் முறை அன்றைய மீன் விற்ற காசு முழுவதும் ஊரின் அவசர நிதிக்கு; மூன்றாம் முறை இரண்டு வாரம் ஊர்க்கரையில் ஏலம் இல்லை என்று முடிவானது. பெரிய வள்ளத்துக்குப் பெரிய தொகை, சிறிய வள்ளத்துக்குச் சிறிய தொகை என்று இரண்டாம் படி தானாகவே அமைந்தது. தண்ணீர், கடை, பள்ளி, சாவு, கடலில் ஆபத்து ஆகியவற்றில் எந்த நிலையிலும் எவரையும் விலக்கக் கூடாது என்று தனியே எழுதப்பட்டது.

கடைசி வரிசையிலிருந்த பெண்களில் ஒருவர், தவணை நாளைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி ஆறு குழுக்களும் சேர்ந்து கேட்டால் என்ன என்றார். அன்றைய முடிவுகளில் அதிகப் பலன் தந்தது அதுதான்.

பின்விளைவுகள்

கடன் கொடுத்தவர்கள் நான்கு குழுக்களுக்கு நாளை மாற்றினார்கள். இரண்டு குழுக்களுக்கு மறுத்தார்கள். அடுத்த கணவாய் சீசனில் சிறிய வள்ளங்கள் ஞாயிறன்று இறங்குவது கிட்டத்தட்ட நின்றது. முதல் படிக்கு மேல் போக வேண்டி வந்தது ஒரே ஒரு முறை. முன்பு தொடர்ந்து மீறிய மூவரில் இருவர் கட்டுப்பட்டார்கள். மூன்றாமவர் தம் வள்ளத்தை வேறொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து ஞாயிறும் போகிறார், ஊர் அவரை எதுவும் செய்ய முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் இத்தகைய கட்டுப்பாடு நிற்கும் என்பதால், கரையை விட்டுப் போகிறவர்கள் கூடினால் இந்த ஏற்பாடும் தளரும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

விலக்கப்பட்ட குடும்பம் ஊரிலேயே இருக்கிறது. ஏலம் மறுநாளே சரியானது. வள்ளம் தள்ள ஆட்கள் ஒரு வாரத்துக்குள் வந்தார்கள். மனைவி குழுக்கடனை அடைத்துவிட்டு அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டார். மகளை அடுத்த கல்வியாண்டில் நாகர்கோவிலில் விடுதியுள்ள பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். விடுமுறைக்கு வந்தாலும் அவள் குழாயடிக்குப் போவதில்லை, தம்பிதான் தண்ணீர் எடுக்கிறான் என்று தாய் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் முதல் சந்திப்பில் அதை எடுக்கக் கூடாது. முதல் நாளே வீட்டுப் பெண்களிடம் பேசியிருந்தால் குழுக்கடன் செய்தி எனக்கு ஒன்பதாம் நாளிலேயே கிடைத்திருக்கும். மீறியவர் யார் என்று கேட்பதற்கு முன்பு, இதுவரை மீறியவர்களை ஊர் எப்படி நடத்தியது என்ற பதிவைக் கேட்டிருக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் அலமாரியில்தான் இருந்தது.

20 நாள் கெடு சரியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஊரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டுத்தான் அதை வைத்தேன். மகளிடம் நான் கேட்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போனால், கெடுவை நிர்ணயிக்கும் முன் அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துக் கேட்பேன். குழாயும் பள்ளியும் விலக்கில் சிக்கியிருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் புகாரைக் கொடுப்பேன்.

புதிய தீர்மானத்தில் கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அன்று கடைசி வரிசையில் இருந்த இரு பெண்களின் கையெழுத்து அதில் இல்லை. அடுத்த கமிட்டித் தேர்வுக்கு முன் அதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்குத்தந்தை கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.